டிரைவர் எங்கே படுப்பார்?



டூர் கிளம்பும் முன் நாம் போடும் லிஸ்ட் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேன் வாடகை எவ்வளவு, டீசல் எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு, தலைக்கு எவ்வளவு? நாங்களும் அப்படித்தான் போட்டோம். அந்த லிஸ்டில் ஒரு வரி விட்டுப்போனது. அது என்னவென்று அன்று ராத்திரி பத்தரை மணிக்கு, ஒரு லாரியின் ஹாரன் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. அதைத்தான் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைக்கிறேன்.

2026 பொங்கல் லீவு. ஜனவரி 17, சனிக்கிழமை. ஒன்பது பேர் சேர்ந்து ஒரு வேன் பிடித்து, விடியற்காலை 4 மணிக்குத் திருச்சியிலிருந்து ராமேஸ்வரம் கிளம்பினோம். ஏறத்தாழ 230 கிலோமீட்டர். பாட்டு, ஆட்டம், அரட்டைன்னு நேரம் போனதே தெரியலே. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தை ரோடு பாலத்திலிருந்து பார்த்தோம். கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே உயருமாம். மெக்கானிக்கல் பசங்க வாயைப் பிளந்துட்டோம். பிறகு தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் இடிந்த தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, அரிச்சல்முனையில் காற்று வாங்கிவிட்டு, ஊருக்குள் திரும்பும்போது இரவு ஏழரை.

மறுநாள் தை அமாவாசை. இது எங்கள் ஒன்பது பேரில் ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை! அக்னி தீர்த்தத்தில் நீராட எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து குவிந்திருந்தார்கள். போனில் பேசி வைத்திருந்த லாட்ஜுக்குப் போனால், "ஆறு மணிக்குள்ள வரணும்னு சொல்லியிருந்தேனே தம்பி, ரூமை வேற பார்ட்டிக்குக் குடுத்தாச்சு" என்றார் மேனேஜர். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்து நாலு லாட்ஜ் ஏறி இறங்கினோம். இரண்டில் ரூம் இல்லை. மற்ற இரண்டில், "எல்லாம் பசங்களா? ஃபேமிலின்னாத்தான் தருவோம்" என்று முகத்திலடித்தாற்போல் பதில். வாலிபப் பசங்கன்னாலே ஏதோ குற்றவாளி மாதிரி பார்க்கிறார்களே என்று கோபம் வந்தது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

அப்புறம் என்ன நடந்திருக்கும்? நீங்கள் நினைப்பது சரி. ரூம் பேசிய நண்பனைப் பிடித்துக் கிழித்தோம். "நீதானே பொறுப்பு எடுத்தே?" "ஏண்டா, காலண்டர் பாக்க மாட்டியா?" அவன் கண் கலங்கிவிட்டது. முக்கால் மணி நேரம் நடுத்தெருவில் இந்தப் பஞ்சாயத்து. கடைசியில் ஒருத்தன் சொன்னான்: "விடுங்கடா, ராத்திரியே திரும்பிடலாம்." எட்டுப் பேரும் சரி என்று தலையாட்டினோம். ஒன்பதுக்கு ஒன்பது ஓட்டு. பத்தாவது ஆள் ஒருத்தர் இருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

டிரைவர் அண்ணன் "சரி தம்பி" என்றார். வேறு என்ன சொல்வார்? வாடகை பேசியவர்கள் நாங்கள். டீக்கடையில் அவர் மூன்று முறை முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் எனக்கு உறுத்துவது அதுதான்.

பாம்பன் பாலம் தாண்டி, மண்டபமும் தாண்டியாச்சு. பின்சீட்டில் பாதிப் பேர் தூங்கிட்டாங்க. திடீரென்று எதிரே காது கிழிய ஒரு ஹாரன், கண்ணைக் கூசும் வெளிச்சம். வேன் வலப்பக்கம் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் அண்ணன் வெடுக்கென்று ஸ்டியரிங்கை ஒடித்தார். இடதுபுற மண்ணில் இறங்கிக் குலுங்கி நின்றது வண்டி. லாரி போய்விட்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. யாரும் பேசவும் இல்லை.

கொஞ்ச தூரத்தில் ஒரு பெட்ரோல் பங்க். அங்கிருந்தவரிடம் கேட்டோம். "ஓரமா நிறுத்திக்கோங்க தம்பி" என்றார். நடு சீட்டை டிரைவர் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டு, நாங்கள் தார்ப்பாயை விரித்து வெளியே படுத்தோம். கொசுக்கடி சொல்லி மாளாது. விடிந்ததும் அவர் எழுந்து வந்து கேட்ட முதல் கேள்வி: "நீங்கள்லாம் எங்க தம்பி படுத்தீங்க?"

அந்தக் கேள்வியை நாங்கள் அவரைப் பார்த்து ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே! ரூம் கிடைத்திருந்தாலும் அவர் வேனில்தான் படுத்திருப்பார். எங்கள் லிஸ்டில் விட்டுப்போன வரி அதுதான்.

"அதெல்லாம் அவங்களுக்குப் பழக்கம்டா" என்று சிலர் சொல்வார்கள். தப்பு, நண்பர்களே. ஓட்டுவதில் அனுபவம் வரும். தூக்கத்தை வெல்வதில் அனுபவம் வராது. பின்னிரவு 2 மணியிலிருந்து விடியும்வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்கு ஏங்கும். டீ கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்க வைக்கும், அவ்வளவுதான். கணக்கு போட்டுப் பாருங்கள்: 80 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 22 மீட்டர். மூன்று வினாடி கண் அசந்தால் 66 மீட்டர். அத்தனை தூரமும் வண்டியை ஓட்ட ஆளே கிடையாது! அன்று எங்கள் டிரைவர் எழுந்தது விடியற்காலை 3 மணிக்கு. திட்டப்படி திருச்சி வந்து சேர்ந்திருந்தால் 24 மணி நேரம் கண்விழித்திருப்பார்.

மோட்டார் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரம் பார்த்தால் குறைந்தது அரை மணி ஓய்வு என்று 1961-லேயே சட்டம் எழுதினார்கள். தங்கும் விடுதிகள் விருந்தினரின் டிரைவர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் அமைத்துத் தரவேண்டும் என்று 2023-ல் தமிழக அரசு கட்டட விதிகளைத் திருத்தியது. விதி இருக்கிறது. ஆனால் வண்டியை வாடகைக்கு எடுக்கும் நாம் வாய்திறந்து கேட்டால்தானே அது நடைமுறைக்கு வரும்?

பாதுகாப்புக் காரணி என்று பாடத்தில் படிக்கிறோம். ஒரு கம்பி பத்து டன்னில் அறுந்துபோகும் என்றால், அதில் பத்து டன்னையும் தொங்கவிடுவோமா? மாட்டோம். ஆனால் டூர் பிளானில் மட்டும் எல்லாமே சரியாக நடக்கும் என்று நம்பிக் கிளம்புகிறோம். ரூம் போய்விட்டால் அடுத்தது என்ன என்று ஒரு வரிகூட எழுதி வைப்பதில்லை.

ஆகவே நான் சொல்ல வருவது மூன்றே விஷயம். ஒன்று, பிளான் கவிழ்ந்தால் குற்றவாளியைத் தேடாதீர்கள். முதலில் படுக்க இடம் தேடுங்கள். இரண்டு, இடமே கிடைக்காவிட்டாலும் விடியும்வரை சக்கரம் உருளக்கூடாது. கொசுக்கடியால் யாரும் வீட்டுக்கு வராமல் போவதில்லை. மூன்று, டிரைவரின் படுக்கையும் சாப்பாடும் நம் பட்ஜெட்டில் முதல் வரியாக இருக்கட்டும்.

நம் மாணவர் சங்கத்துக்கும் ஒரு கோரிக்கை. ஒவ்வொரு துறையும் ஐ.வி. கிளம்பும் முன் தரும் பயணத் திட்டத்தில், "டிரைவர் எங்கே படுப்பார்?" என்று ஒரு கட்டம் சேருங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பஸ் கிளம்பக்கூடாது.

அந்த ரூம் பேசிய நண்பனிடம் மறுநாளே மன்னிப்புக் கேட்டுவிட்டோம். அடுத்த டூருக்கும் அவன்தான் பொறுப்பு. இப்போது அவன் லிஸ்டில் முதல் வரியே டிரைவருக்கான படுக்கைதான். காலண்டர் இரண்டாவது!

– இயந்திரவியல் மூன்றாமாண்டு மாணவன்