திராட்சத்தோட்டங்களின் நடுவே ஒரு பாதை



பிரான்சு தேசத்தில் பிரனீசு மலையின் அடிவாரத்தில் தொடங்கி, மலையைக் கடந்து, ஸ்பெயினின் வடபகுதி வழியாக மேற்கே சாண்டியாகோ தெ கொம்போஸ்தெலா என்னும் நகரம்வரை ஒரு நடைபாதை செல்லுகிறது. அதன் நீளம் ஏறக்குறைய 780 கிலோமீட்டர். முதுகிலே ஒரு பையும், அந்தப் பையிலே கட்டிய ஒரு சிப்பி ஓடுமாக, நடப்பவர்கள் ஐந்து வாரங்களில் அதைக் கடக்கிறார்கள். 1985-ம் ஆண்டில் இவ்வழியிலும் இதனோடு சேரும் மற்ற வழிகளிலும் நடந்து சான்றிதழ் பெற்றவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. 2024-ம் ஆண்டிலோ அந்தத் தொகை ஏறக்குறைய ஐந்து லட்சத்தை எட்டியது.

செபெதேயுவின் குமாரனாகிய யாக்கோபின் எலும்புகள் அந்நகரத்துப் பேராலயத்தில் இருக்கின்றன என்பது கத்தோலிக்க மரபு. அந்தக் கல்லறை 9-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டதாகச் சொல்லுகிறார்கள். நமக்கோ அப்போஸ்தலர் நடபடிகள் 12-ம் அதிகாரம் போதுமானது. ஏரோது ராஜா யாக்கோபைப் பட்டயத்தினால் கொன்றான் என்பதோடு வேதம் நிறுத்திக்கொள்ளுகிறது. அவன் ஸ்பெயினுக்குப் போனதாகவோ, அவன் சரீரம் அங்கே கொண்டுபோகப்பட்டதாகவோ ஒரு வார்த்தையும் அதில் இல்லை. மார்ட்டின் லூத்தர் தம் நாட்களிலேயே இந்த யாத்திரையைக் கடுமையாகக் கண்டித்தார். ஆகவே, எலும்புகளைத் தேடி நடக்கும்படி இந்தப் பத்தியில் ஒருவரையும் அழைக்கப்போவதில்லை. வழியின் முடிவில் இருப்பதைவிட வழியிலே இருப்பவைதான் நமக்கு யோசிக்கத்தக்கவை. அதிலும், எஸ்தெல்லா என்னும் ஊரிலிருந்து சாந்தோ தொமிங்கோ தெ லா கால்சாதா என்னும் ஊர்வரை உள்ள சுமார் 100 கிலோமீட்டர் தூரம், நவார்ரா, ரியோஹா ஆகிய பகுதிகளின் திராட்சத்தோட்டங்கள் வழியாகப் போகிறது. நான்கைந்து நாள் நடையாகிய அந்தப் பகுதியைப் பற்றித்தான் இம்மாதம் எழுதுகிறேன்.

12-ம் நூற்றாண்டிலேயே யாத்திரிகருக்கென்று லத்தீன் மொழியில் ஒரு வழிகாட்டி நூல் எழுதப்பட்டது. எந்த ஊரில் நல்ல அப்பம் கிடைக்கும், எந்த ஆற்றுத் தண்ணீரைக் குடித்தால் குதிரை செத்துப்போகும் என்பதுவரை அதில் எழுதியிருக்கிறது. எஸ்தெல்லாவின் அப்பத்தையும் திராட்சரசத்தையும் அந்த ஆசிரியர் மிகவும் மெச்சுகிறார். அந்த ஊரைத் தாண்டியவுடனே வருவது இராச்சே. அங்கே ஒரு பழைய மடமும், அதன் அருகே திராட்சரசம் செய்யும் ஒரு தொழிற்கூடமும் இருக்கின்றன. அந்தத் தொழிற்கூடத்தார் 1991-ல் தங்கள் சுவரில் இரண்டு குழாய்களைப் பதித்து, ஒன்றில் திராட்சரசமும் மற்றொன்றில் தண்ணீரும் வரும்படி செய்தார்கள். நாளொன்றுக்குச் சுமார் 100 லிட்டர் திராட்சரசம் இலவசமாக விடப்படுகிறது. நடப்பவர்கள் அந்த முதல் குழாயண்டையில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளுகிறார்கள். நம் சபையார் யாராவது போனால் இரண்டாவது குழாயண்டையில் நிற்பார்கள் என்று நம்புகிறேன். உண்மையில் உதவியானதும் அந்த இரண்டாவது குழாய்தான். சற்றுத் தூரத்தில் வில்லாமயோர் என்னும் சிற்றூரைக் கடந்தபின் லோஸ் ஆர்க்கோஸ் வரையில் ஏறக்குறைய 12 கிலோமீட்டருக்கு ஓர் ஊரும் கிடையாது. கோடைகாலத்தில் அங்கே நிழலும் அரிது.

குழாயைப் பார்க்கிறவர்கள் மடத்தைப் பார்ப்பதில்லை. 11-ம் நூற்றாண்டிலேயே அந்த மடத்தார் வழிப்போக்கருக்கென்று ஒரு விடுதி நடத்தினார்கள். அதற்கு லத்தீனில் வழங்கிய பெயரிலிருந்துதான் நாம் இன்று சொல்லும் ஆஸ்பத்திரி என்னும் சொல்லும் வந்தது. விருந்தாளி என்பதே அதன் வேர்ப்பொருள். அக்காலத்தில் அப்படிப்பட்ட இடங்களில் நோயாளி, யாத்திரிகர், வேலை தேடி அலையும் ஏழை ஆகிய மூவரும் ஒரே கூரையின்கீழ்ப் படுத்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

இனி, செடியைப் பற்றிச் சொல்லவேண்டும். யோவான் 15-ம் அதிகாரத்தை எத்தனையோ முறை வாசித்திருந்தும், நம்மில் அநேகர் திராட்சச்செடியைப் பந்தலின்மேல் படர்ந்த கொடியாகவே எண்ணியிருக்கிறோம். ரியோஹாவின் பழைய தோட்டங்களில் பந்தல் கிடையாது. முழங்காலளவு உயரத்தில், முறுகிய கட்டை போன்ற அடிமரமும், அதிலிருந்து பிரியும் இரண்டு மூன்று கிளைகளுமாக ஒவ்வொரு செடியும் தனித்தே நிற்கும். குளிர்காலத்தில் தோட்டக்காரர் சென்ற வருஷத்துக் கொடிகளை ஏறக்குறைய முழுவதும் அறுத்துவிட்டு, கிளையின் நுனியில் ஓரிரு கணுக்களை மட்டும் விட்டுவைப்பார். ஜனவரியில் அவ்வழியே நடப்பவருக்கு அது பட்டுப்போன தோட்டமாகத்தான் தெரியும். வசந்தகாலத்தில் அந்தக் கணுக்களிலிருந்தே பச்சைத் தளிர்கள் புறப்படும். அங்கே மிகுதியாகப் பயிராகும் கறுப்புத் திராட்சைக்கு தெம்பிரானியோ என்று பெயர். முந்திப் பழுப்பது என்பது அதன் பொருள். செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் அறுப்புக்காலம்.

அந்தச் செடிகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வட அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த பிலாக்ஸெரா என்னும் சிறு பூச்சி ஐரோப்பாவின் திராட்சை வேர்களைத் தின்னத் தொடங்கியது. பிரான்சின் தோட்டங்கள் அழிந்தபோது பிரெஞ்சு வியாபாரிகள் ரியோஹாவுக்கு வந்து வாங்கினார்கள், ரியோஹா செழித்தது. பிறகு 1899-ல் அந்தப் பூச்சி ரியோஹாவுக்கும் வந்து சேர்ந்தது. மருந்தினால் அதை வெல்ல முடியவில்லை. அந்தப் பூச்சியோடு வாழப் பழகியிருந்த அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டவைத்தபோதுதான் தோட்டங்கள் பிழைத்தன. இன்றும் அங்கே ஏறக்குறைய எல்லாத் தோட்டங்களிலும் மேலே இருப்பது நாட்டுக் கொடி, கீழே இருப்பது அந்நிய வேர். ரோமர் 11-ம் அதிகாரத்தில் பவுல் சொல்லும் ஒட்டுதலில் காட்டுக்கிளை நல்ல வேரின்மேல் வருகிறது. இங்கே அது தலைகீழாக நடந்திருக்கிறது. ஸ்பெயினின் பெருமையாக உலகெங்கும் விற்கப்படும் பொருளை அந்நிய வேர் தாங்கி நிற்கிறது.

லோஸ் ஆர்க்கோசிலிருந்து 28 கிலோமீட்டரில் எப்ரோ நதிக்கரையிலுள்ள லோக்ரோனியோ நகரம். பழைய நகரத்தின் தெருவில் யாக்கோபின் பெயரால் ஓர் ஆலயம் இருக்கிறது. அதன் வாசலுக்குமேல் 17-ம் நூற்றாண்டில் செதுக்கிய ஒரு பெரிய சிற்பம். அதிலே யாக்கோபு குதிரையின்மேல் ஏறி, கையில் பட்டயம் பிடித்திருக்கிறான். குதிரையின் காலடியில் வெட்டுண்ட மூர்களின் தலைகள் கிடக்கின்றன. மூர்களைக் கொல்பவன் என்பது இந்த உருவத்துக்கு அவர்கள் இட்ட பெயர். மூர்கள் என்றால் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முகமதியர். 844-ம் ஆண்டில் இந்நகரத்துக்குத் தெற்கேயுள்ள கிளாவிஹோ என்னுமிடத்தில் நடந்த யுத்தத்தில் அப்போஸ்தலன் வெள்ளைக் குதிரையில் வந்து போரிட்டான் என்று கதை. அப்படி ஒரு யுத்தமே நடக்கவில்லை என்பது சரித்திர ஆசிரியர்களின் தீர்ப்பு. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட பத்திரம் 12-ம் நூற்றாண்டில் எழுதப்பட்ட போலி. ஆனாலும் அந்தப் பத்திரத்தைக் காட்டியே நூற்றாண்டுகளாக ஏழைக் குடியானவர்களிடத்தில் தானியமும் திராட்சரசமும் வரியாக வாங்கினார்கள். 19-ம் நூற்றாண்டில்தான் அந்த வரி ஒழிந்தது.

பட்டயத்தினால் கொல்லப்பட்ட ஒரு மீனவனின் கையில் பட்டயத்தைக் கொடுத்திருப்பதைப் போன்ற அநியாயம் வேறென்ன இருக்கக்கூடும்? ஆனால் வேதத்தை அறிந்தவர்களுக்கு அந்த வாசலில் வேறொரு காட்சியும் நினைவுக்கு வரும். லூக்கா 9-ம் அதிகாரத்தில், ஆண்டவர் எருசலேமை நோக்கிப் போகிற பயணி என்பதற்காகவே சமாரியரின் ஒரு கிராமத்தார் அவருக்கு இடங்கொடுக்கவில்லை. அப்பொழுது, வானத்திலிருந்து அக்கினி இறங்கி இவர்களை அழிக்கும்படி நாங்கள் கட்டளையிடலாமா என்று கேட்ட இருவரில் ஒருவன் இதே யாக்கோபு. ஆண்டவர் திரும்பிப் பார்த்து அவர்களை அதட்டினார். பிறகு வேறொரு கிராமத்துக்குப் போனார்கள். படுக்க இடம் மறுக்கப்பட்டவனின் கோபம் எப்படிப்பட்டது என்று யாக்கோபு அறிந்திருந்தான். அந்தக் கோபத்தை அவனைவிட்டு எடுத்துப்போட ஆண்டவர் எடுத்துக்கொண்ட பிரயாசத்தையும் அறிந்திருந்தான். சிற்பியோ, ஆண்டவர் அதட்டிய அந்தப் பழைய யாக்கோபையே கல்லில் நிறுத்திவிட்டான்.

செப்டம்பர் மாதத்தில் அந்நகரத்துக்கு இரண்டு விதமான அந்நியர் வருகிறார்கள். ஒருவர் யாத்திரிகர். அவரிடத்தில் முத்திரைகள் குத்திய ஓர் அட்டை இருக்கும். அந்த அட்டையைக் காட்டினால் நகராட்சி விடுதியில் சுமார் பத்து யூரோவுக்கு ஒரு கட்டில் கிடைக்கும். சில ஊர்களில் அவரவர் இட்ட காணிக்கையே கட்டணம். மற்றவர் அறுப்புக்கு வருகிற கூலியாள். மொராக்கோ, அல்ஜீரியா, செனகல், மாலி, ருமேனியா எனப் பல தேசத்தார் உண்டு. பாகிஸ்தானிலிருந்து வந்தவர்களும் உண்டு. கம்பிகளில் ஏற்றிய புதிய தோட்டங்களில் இயந்திரம் அறுக்கும். முழங்காலளவு நிற்கும் பழைய செடிகளில் அதற்கு வழியில்லை. மனுஷன் நாள்முழுதும் குனிந்து கையால்தான் அறுக்கவேண்டும். விலையுயர்ந்த திராட்சரசம் பல வேளைகளில் அந்தப் பழைய செடிகளிலிருந்தே வருகிறது.

இவர்களில் ஒப்பந்தத்தோடு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் தங்க இடம் உண்டு. ஒப்பந்தமில்லாமல், வேலை கிடைக்குமென்று நம்பி வருகிறவர்களுக்காக நகராட்சியும் சில தொண்டு ஸ்தாபனங்களும் அறுப்புக்காலத்தில் தற்காலிக விடுதி திறக்கிறார்கள். அதை மறைப்பது நியாயமாகாது. ஆனால் அதில் சில இரவுகளே தங்கலாம். இடமும் எல்லாருக்கும் போதாது. மீதியானோர் பூங்காக்களிலும் பேருந்து நிலையத்தின் அருகிலும் படுத்துக்கொள்ளுகிறார்கள். இருவரும் ஒரே சாலையில் நடக்கிறார்கள். இருவர் முதுகிலும் ஒரே மாதிரிப் பைதான். ஒருவர் பையில் சிப்பி ஓடு இருக்கிறது, மற்றவர் பையில் இல்லை. பழைய விடுதியின் கதவு இந்த வித்தியாசத்தைக் கேட்டதில்லை.

பிழைப்புக்காக ஊரைவிட்டு மும்பைக்கும் தில்லிக்கும் பெங்களூருக்கும் வந்த நமக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டிய அவசியமில்லை. முதல் இரவை யார் வீட்டு நடையில், எந்தச் சபையின் பாயில் கழித்தோம் என்பதை நம்மில் யாரும் மறந்துவிடவில்லை.

லோக்ரோனியோவைவிட்டுப் புறப்பட்டால், நாவர்ரெத்தே என்னும் குயவர்களின் ஊருக்குச் சற்று முன்பு, திராட்சத்தோட்டங்களுக்கு நடுவில் சில அடித்தளக் கற்களைக் காணலாம். 1185-ல் ஏற்படுத்தப்பட்ட ஒரு யாத்திரிகர் விடுதியின் மிச்சம் அது. அதன் அழகிய கல்வாசலைப் பிற்காலத்தில் பெயர்த்தெடுத்து ஊரின் மறுபுறத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். இன்று அது கல்லறைத் தோட்டத்தின் வாசல்.

நாஹெராவைத் தாண்டியபின் திராட்சை குறைந்து கோதுமை வயல்கள் வருகின்றன. அவற்றின் நடுவே சாந்தோ தொமிங்கோ தெ லா கால்சாதா. ஒரு மனுஷனின் பெயரே அந்த ஊருக்கு வழங்குகிறது. 11-ம் நூற்றாண்டில் வாழ்ந்த தொமிங்கோ துறவியாக விரும்பி, வால்வனேரா, சான் மில்லான் ஆகிய இரண்டு மடங்களின் கதவைத் தட்டினார். இரண்டு மடத்தாரும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஓஹா என்னும் ஆற்றங்கரைக் காட்டில் தனியே குடியிருந்தபோது, யாத்திரிகர் அங்கே வழிதப்பித் தத்தளிப்பதைக் கண்டார். மரங்களை வெட்டிப் பாதை போட்டார். ஆற்றின்மேல் பாலம் கட்டினார். பிறகு ஒரு விடுதியும் கட்டி, வந்தவர்களுக்குத் தம் கையாலேயே பணிவிடை செய்தார். கால்சாதா என்றால் கல் பாவிய சாலை. 1109-ல் அவர் மரித்தபோது அவர் போட்ட அந்தச் சாலையிலேயே அடக்கம்பண்ணப்பட்டார்.

நம் நாட்களிலும் அவரைப் போன்ற ஒருவர் இருந்தார். 1980-களில், ஏறக்குறைய மறந்துபோயிருந்த இந்தப் பாதையில், எலியாஸ் வாலின்யா என்னும் கிராமத்துக் குருவானவர் மஞ்சள் வண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், திருப்பங்கள்தோறும் கல்லிலும் மரத்திலும் அம்புக்குறி வரைந்தார். அவர் 1989-ல் மரித்துப்போனார். உபதேசத்தில் நாம் அவரோடு ஒத்துப்போகமாட்டோம். ஆனாலும் இன்று இந்த வழியில் நடக்கிற ஒவ்வொருவரும் அந்த அம்புகளைப் பார்த்தே திரும்புகிறார்கள்.

தொமிங்கோவின் ஊரில் பேராலயத்துக்குள்ளே ஒரு கூண்டில் உயிருள்ள சேவலையும் கோழியையும் வைத்திருக்கிறார்கள். பழைய கட்டுக்கதை ஒன்றின் நினைவாக அது நடக்கிறது. வருகிறவர்கள் முதலாவது அதைத்தான் தேடிப் பார்க்கிறார்கள். அவர் கட்டிய விடுதி பேராலயத்துக்கு எதிரே இருக்கிறது. அதை இப்போது அரசாங்கத்தார் உயர்தர ஓட்டலாக நடத்துகிறார்கள். நடந்து வருகிறவர்கள் அந்த வாசலைக் கடந்து, அவர் பெயரால் இன்றும் இயங்கும் சகோதர சங்கத்தாரின் எளிய விடுதிக்குப் போகிறார்கள். விடியற்காலத்தில் எழுந்து, பலமுறை திரும்பக் கட்டப்பட்ட அவருடைய பாலத்தின்மேல் ஓஹா ஆற்றைக் கடக்கிறார்கள். கோடையில் அந்த ஆற்றில் பெரும்பாலும் கற்களே கிடக்கும். அக்கரையில் கோதுமை வயல்கள் தொடங்குகின்றன.