ஆறு வெற்றிகளும் ஒரு வாக்கெடுப்பும்

டார்ட்மவுத் கல்லூரியின் ஆடவர் கூடைப்பந்து அணி 2023-24 பருவத்தில் வென்ற ஆட்டங்கள் 6, தோற்றவை 21. ஐவி லீக்கில் கடைசி இடம். ஆயினும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் அவ்வாண்டு நான் பொருட்படுத்தும் அணி அதுவே. 2024 மார்ச் 5 அன்று அவ்வணியினர் 13-க்கு 2 என்ற கணக்கில் தொழிற்சங்கத்தில் சேர வாக்களித்தனர். அன்றிரவே ஹார்வர்டையும் வீழ்த்தினர்.

கல்லூரியோ பேச்சுவார்த்தைக்கு அமர மறுத்தது. இவர்கள் மாணவர்களாம், ஊழியர்கள் அல்லராம். ஐவி லீக்கில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாதாம். ஊதியம் தராததையே ஊழியரல்லர் என்பதற்குச் சான்றாகக் காட்டும் இத்தர்க்கத்தை என்னென்பது! பயிற்சி நேரத்தையும் பயணத்தையும் தீர்மானிப்பது கல்லூரிதானே? அந்தக் கட்டுப்பாட்டைச் சுட்டியே, தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் மண்டல இயக்குநர் பிப்ரவரியில் அவர்களை ஊழியர் என்றார்.

வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டு, துறையின் விடைத்தாள்களைத் திருத்தி, மாதக்கணக்கில் வராத உதவித்தொகையைக் கேட்கும்போது மட்டும் 'நீ மாணவன்' எனக் கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதா? விளையாட்டுச் செய்திதானே என ஏளனமாய்த் தாண்டிச் செல்லும் ஆய்வுலகத் தோழர்களைத்தான் கேட்கிறேன்.

மேல்முறையீட்டில் வாரியம் முடிவு சொல்லுமுன்பே, 2024 டிசம்பர் 31 அன்று, சங்கம் மனுவைத் திரும்பப் பெற்றது. ஆட்சி மாறவிருந்தது, வாரியமும் மாறவிருந்தது. வாதத்தில் அவர்கள் தோற்கவில்லை.