பட்டாபிஷேகத்துக்குப் பிறகும் கதை உண்டு



"கம்பனே நிறுத்திக்கொண்ட இடத்துக்கு மேல் சாகர் எதற்காகப் போனார்?" என்னும் கேள்வியை ஈப்போவில் இலக்கிய ஆர்வலர்கள் கூடுமிடங்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். இராமானந்த சாகரின் இராமாயணத் தொடரைப் போற்றுவோர்கூட, அதன் இரண்டாம் பகுதியாகிய உத்தர இராமாயணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் முகம் சுளிக்கிறார்கள். முடிந்த கதையை இழுத்தார்கள், காசுக்காக நீட்டினார்கள், சீதையை அழவைத்துப் பார்வையாளர்களையும் அழவைத்தார்கள் என்பன அவர்கள் அடுக்கும் குறைகள். இவற்றுள் முதலிரண்டும் உண்மைக்குப் புறம்பானவை. மூன்றாவதில்தான் பேசுவதற்குப் பொருள் இருக்கிறது.

வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் தொடர் 1987 ஜனவரி 25ஆம் நாள் தூர்தர்ஷனில் தொடங்கியது. 52 வாரங்களுக்கெனத் திட்டமிடப்பட்டு, 78 வாரங்களாக வளர்ந்து, 1988 ஜூலை 31ஆம் நாள் இராமனின் முடிசூட்டு விழாவோடு நிறைவெய்தியது. சாகர் அத்துடன் நிறுத்திக்கொள்ளவே எண்ணியிருந்தார். ஆனால், அந்த ஜூலை மாதத்திலேயே பஞ்சாபின் ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வு கேட்டன்று. உத்தர காண்டமும் காட்டப்பட வேண்டும் என்று கேட்டு! அவர்கள் தம்மை வால்மீகியின் வழிவந்தோராகக் கருதும் சமூகத்தினர். காட்டுக்கு அனுப்பப்பட்ட சீதைக்கு அடைக்கலம் தந்து, அவள் பெற்ற இரட்டையர்க்குக் கல்வி புகட்டிய வால்மீகி முனிவர் கதைக்குள் நடமாடுவது அந்த ஏழாம் காண்டத்தில்தான். அதை வெட்டிவிட்டால் தங்கள் முன்னோரையே வெட்டியது போலாகும் என்று அவர்கள் கருதியதில் என்ன தவறு? போராட்டம் வட இந்திய நகரங்கள் பலவற்றுக்குப் பரவியது. குப்பை மலிந்தது. அரசாங்கம் இறங்கி வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் புதிய தொடர் தொடங்கிற்று.

தெருவைக் கூட்டும் தொழிலாளர்கள் துடைப்பத்தைக் கீழே வைத்துப் பெற்ற தொடர் இது. உலகத் தொலைக்காட்சி வரலாற்றில் இதற்கு நிகரான நிகழ்ச்சி வேறொன்றை நான் கேள்விப்பட்டதில்லை. 'காசுக்காக நீட்டினார்கள்' என்போர் இதை அறிந்து பேச வேண்டும்.

காசுக்காக நீட்டுவது எப்படியிருக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் மேற்கே பார்க்கலாம். ஆர்தர் மன்னனின் அவையில் இருந்த மந்திரவாதி மெர்லினைப் பற்றி 1998இல் ஒரு தொலைக்காட்சிக் குறுந்தொடர் வெளிவந்தது. சாம் நீல் மெர்லினாக நடித்தார். முதுமையுற்ற மெர்லின் தன் கடைசி மந்திரத்தைச் செலவிட்டுத் தன்னையும் தன் காதலியையும் இளமையாக்கிக்கொள்வதோடு கதை அழகாக முடிந்தது. எட்டாண்டுகள் கழித்து, 2006இல், அதே நடிகரை வைத்து 'மெர்லினின் சீடன்' என்று இரண்டாம் பகுதி எடுத்தார்கள். மெர்லின் 50 ஆண்டுகள் உறங்கி எழுகிறானாம். புதிதாக ஒரு சீடன் வருகிறானாம். முதற்பகுதியின் முடிவை மனத்தில் வைத்திருப்பவருக்கு இது எங்கே ஒட்டும்? முதற்பகுதி வெற்றி பெற்றது, ஆகவே இரண்டாம் பகுதி பிறந்தது. பார்த்தவர் மனத்தில் எந்தக் கேள்வியும் மிச்சமில்லாதபோது, எந்த விடையைச் சொல்ல அது வந்தது?

உத்தர காண்டத்தின் நிலை அத்தகையதன்று. அந்தக் கேள்வி காலங்காலமாக மிச்சமிருக்கிறது. கம்பர் ஆறு காண்டங்களோடு நிறுத்தினார்; தமிழில் உத்தர காண்டத்தைப் பாடியவர் ஒட்டக்கூத்தர் என்று மரபு சொல்கிறது. வால்மீகியின் நூலிலேயே முதற்காண்டத்தின் பெரும்பகுதியும் ஏழாங்காண்டமும் பிற்காலத்தில் சேர்ந்தவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. எட்டாம் நூற்றாண்டில் பவபூதி இதே கதையை வடமொழியில் நாடகமாக எழுதியபோது, பிரிந்த கணவனையும் மனைவியையும் இறுதியில் சேர்த்துவைத்தார். மண் பிளந்து சீதை மறையும் முடிவை அவரால் தாங்க முடியவில்லை போலும். நம் இராஜாஜியோ 'சக்கரவர்த்தித் திருமகன்' நூலில் அந்தக் காண்டத்தைச் சொல்ல மனம் ஒப்பாமல் விட்டுவிட்டார். சொன்னவர்களுக்கும் சொல்லாமல் விட்டவர்களுக்கும் அந்தக் கதை தொண்டையில் சிக்கிய முள்ளாகவே இருந்திருக்கிறது.

இனி மூன்றாவது குறைக்கு வருகிறேன்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. லயத்தில் தொலைக்காட்சியும் ஒளிநாடாக் கருவியும் வைத்திருந்த ஒரு வீட்டில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் இந்தத் தொடரைப் போடுவார்கள். பால்மரம் வெட்டி, குளித்து, உண்டு முடித்த பெண்கள் திண்ணைவரை நிறைந்திருப்பார்கள். தொடர் இந்தியில் ஓடும். அங்கே ஒருவருக்கும் இந்தி தெரியாது! தெரியாவிட்டால் என்ன? கதை தெரியுமே. 1963இல் என்.டி.ராமராவும் அஞ்சலிதேவியும் நடித்து வெளிவந்த 'லவ குசா'வைத் தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிக் காட்டியபோது பார்த்தவர்கள் அவர்கள். திரையில் அருண் கோவிலும் தீபிகாவும் எதையோ பேசுவார்கள்; திண்ணையிலிருந்து பாட்டிமார் தமிழில் வேறொன்றைப் பேசுவார்கள். இரண்டும் பெரும்பாலும் பொருந்திப்போகும். இரவீந்திர ஜெயினின் இசைக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

ஓரிடத்தில் மட்டும் பொருந்தவில்லை. அது எங்களுக்குப் பின்னர்தான் தெரிந்தது. வால்மீகியில், ஊர்ப்பழி கேட்ட இராமன் சீதையிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் இலக்குவனை ஏவி அவளைக் கங்கைக் கரையில் விடச் செய்கிறான். கருவுற்றிருந்த அவள், ஆசிரமங்களைக் காணப் போகிறோம் என்ற மகிழ்ச்சியோடு தேரேறுகிறாள். சாகர் இதை மாற்றிவிட்டார். அவருடைய தொடரில் சீதை தானே பழிச்சொல்லை அறிந்து, கணவனின் அரச நீதி களங்கப்படக் கூடாதென்று தானே விலகிப்போகத் துணிகிறாள். இந்தி அறிந்த ஒருவர் வந்து இதை விளக்கியபோது, முன்வரிசையில் இருந்த பாட்டி ஒப்புக்கொள்ளவே இல்லை.

"தானா போனாளாமா? வயித்துல புள்ளையோட எந்தப் பொம்பள தம்பி தானா காட்டுக்குப் போவா? அனுப்பிட்டாங்கன்னு சொல்லு."

சாகரின் தொடரைப் பற்றி நான் கேட்ட திறனாய்வுகளிலேயே இதைவிடக் கூர்மையானது இல்லை. பார்வையாளர்கள் அழுதது குறையன்று; அழுகைக்கான காரணத்தைத் தொடர் கலைத்துவிட்டதே குறை. இராமன்மீது பழி விழாதிருக்க, பழியின் சுமையையும் சீதையின் தலையிலேயே ஏற்றி, அதற்குத் தியாகம் என்று பெயரும் சூட்டிவிட்டார்கள். தொழிலாளர்கள் போராடிப் பெற்ற காண்டம் அவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் அதன் முள் மழுங்கிக் கிடைத்தது. (இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஊர்ப்பேச்சை இராமனிடம் கொண்டுவருபவன் வால்மீகியில் பத்ரன் என்பவன். பழியை ஒரு வண்ணானின் வாயில் வைத்தது பிற்காலக் கதைகளின் வேலை. ஊரே பேசியதை ஓர் ஏழைத் தொழிலாளியின் தலையில் கட்டுவது எவ்வளவு எளிதாயிருக்கிறது!)

இதையெல்லாம் இப்போது எதற்கு எழுதுகிறீர் என்பீர்கள். வகுப்பறைதான் காரணம். மாணவர்களுக்கு இராமாயணத்தைச் சுருக்கிச் சொல்லும்போது முடிசூட்டு விழாவோடு நிறுத்திவிடுவது நம் வழக்கம். "பிறகு என்ன ஆனது, ஐயா?" என்று எவராவது கேட்டால், "எல்லாரும் நலமாக இருந்தார்கள்" என்று சொல்லிப் புத்தகத்தை மூடுகிறோம். பக்தியுள்ள ஆசிரியர்கள், இராமன்மேல் பிள்ளைகளுக்கு ஐயம் பிறக்கும் என்று அஞ்சுகிறார்கள். பெரியார் 1929இலும் 1954இலும் வந்துபோன மண் இது. பகுத்தறிவுச் சிந்தனையுள்ள ஆசிரியர்கள், இராமாயணமே வேண்டாம் என்கிறார்கள். இரு சாராரையும் மதிக்கிறேன். இருவரோடும் எனக்கு உடன்பாடில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறியபின், ஈப்போவின் ஓரங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துத் தனியொருத்தியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார் பலர். அந்தப் பிள்ளைக்கு முடிசூட்டு விழா ஓர் அழகிய படம், அவ்வளவே. ஆசிரமத்தில் தாயோடு மட்டும் வளர்ந்து, தந்தை யாரென்று அறியாமலே அவனுடைய அவையில் அவனுடைய கதையைப் பாடிய இரண்டு சிறுவர்களைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். கடைசி வரிசையில் உறங்குகிறவனும் நிமிர்ந்து உட்காருவான். அவனுக்கு உரிய காண்டத்தை அவனிடமிருந்து மறைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

2020இல் ஊரடங்குக் காலத்தில் தூர்தர்ஷன் இரு பகுதிகளையும் மீண்டும் ஒளிபரப்பியது. ஏப்ரல் 16ஆம் நாள் ஒளிபரப்பை மட்டும் 7 கோடியே 70 இலட்சம் பேர் பார்த்ததாக அது அறிவித்தது. எனக்குத் தெரிந்த சில வீடுகளிலும், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் அதைப் போட்டுப் பாட்டிமாருக்குக் காட்டினார்கள். இம்முறை பொருள் விளங்கியது. சீதை தானே போகும் கட்டம் வந்தபோது, இன்னொரு வீட்டுப் பாட்டி கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டுத் தம் கதையைச் சொல்லத் தொடங்கினாராம்.

வருகிற வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு இக்கதையைச் சொல்லப் போகிறேன். வால்மீகி சொன்னபடி, அனுப்பப்பட்டாள் என்றே சொல்லப் போகிறேன். தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டங்களில் இந்தக் கட்டத்தை வேறு விதமாகச் சொல்லக் கேட்டவர்கள் இருந்தால், அதற்குள் எழுதியனுப்புங்கள். பாட்டிமார் சொன்ன சொல்லிலேயே இருந்தால் இன்னும் நன்று.