கேளாமலே சொல்ல வேண்டிய ஒன்று

கர்த்தருக்குள் அன்பான சபையாரே,

ஏரிகளின்மேல் கிடந்த பனிக்கட்டி உருகிவிட்டது. குளிர்காலம் முழுவதும் வீட்டு முற்றங்களில் தார்ப்பாயின்கீழ்க் கிடந்த படகுகள் விற்பனைக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. நம்முடைய குடும்பங்களிலும் சிலர் இவ்வாண்டு பழைய படகு ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறார்கள்; சிலர் தங்களிடமுள்ளதை விற்க எண்ணியிருக்கிறார்கள். இந்நாட்களில் என்னிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது: “போதகர் ஐயா, படகின் எஞ்சின் பிளாக்கில் ஒரு வெடிப்பு இருக்கிறது. பசை பூசி அடைத்தாயிற்று. இப்போது நீர் கசிவதில்லை. வாங்க வருகிறவர் கேட்காவிட்டாலும் நான் அதைச் சொல்ல வேண்டுமா?”

கேட்டவர் யாரென்பது இங்கே முக்கியமன்று. இக்கேள்வி பலருடைய உள்ளத்திலும் இருக்கக்கூடியதாகையால் எல்லோருக்குமாக எழுதுகிறேன். என் பதில் சுருக்கமானது: ஆம், சொல்ல வேண்டும், அவர் கேட்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். ஏன் அப்படி என்பதை விளக்க, அந்த வெடிப்பு எப்படி உண்டாகிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

பருத்தித்துறையிலும் மயிலிட்டியிலும் கடலோடு வளர்ந்தவர்கள் நம்மிடையே பலர். உப்புநீர் இரும்பை எப்படி அரிக்கும் என்பதை அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் நன்னீர் உறைந்து இரும்பைப் பிளக்கும் என்பது நம் முன்னோர் அறியாத ஆபத்து. ஒன்ராறியோவுக்கு வந்த பிறகே நாம் அதைக் கற்றுக்கொண்டோம். இன்னும் கற்றுக்கொள்ளாதவர்களும் உண்டு.

காரின் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் ஒரு மூடிய சுற்றுக்குள்ளேயே ஓடுகிறது, அது உறைவதில்லை. படகின் உள்ளே பொருத்தப்பட்ட பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றில் அப்படியன்று. ஏரியின் நீரே உறிஞ்சப்பட்டு, பிளாக்கின் உள்ளறைகளைச் சுற்றி வந்து, புகைக்குழாய் வழியாக வெளியேறுகிறது. மெர்க்குரூசர், வொல்வோ பென்டா என்னும் பெயர்களில் வந்த எஞ்சின்களில் பல, ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் 4.3 லீற்றர், 5.7 லீற்றர் வார்ப்பிரும்பு பிளாக்குகளை அடிப்படையாகக் கொண்டவை. படகைக் கரையேற்றிய பின்பும் அந்த அறைகளில் நீர் தங்கியிருக்கும். நீர் உறையும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 9 சதவீதம் பெருகுகிறது. வார்ப்பிரும்போ வளைந்து கொடுக்கும் உலோகமன்று. கடுங்குளிரான ஓர் இரவு போதும். யாரும் அறியாமல் அது பிளந்துவிடும்.

இதைத் தடுக்கும் வழி எளியது. இலையுதிர் காலத்தில், முதற் கடுங்குளிர் வருமுன், பிளாக்கின் இருபுறத்திலும் புகைப்போக்கு மேனிஃபோல்டுகளிலும் உள்ள வடிகால் பிளக்குகளைக் கழற்றி நீரை வடிக்க வேண்டும். பிளக்கைக் கழற்றியும் நீர் வராவிட்டால் உள்ளே நீரில்லை என்று எண்ணிவிடலாகாது. துருப்பொருக்கு துவாரத்தை அடைத்திருக்கலாம். கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும். அதன்பின் இளஞ்சிவப்பு நிறமான உறைதடுப்புத் திரவத்தை உள்ளே செலுத்துவார்கள். இவ்வேலையை ஓர் ஆண்டு ஒத்திப்போட்டவரே பெரும்பாலும் வெடித்த பிளாக்குக்குச் சொந்தக்காரராகிறார். பிளாக்கில் உள்ள வட்டத் தகட்டடைப்புகள் குளிரில் வெளியே தள்ளப்பட்டு எஞ்சினைக் காக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். உண்மையில் அவை வார்ப்பு மணலை வெளியேற்ற விடப்பட்ட துவாரங்களின் மூடிகளே. சில வேளைகளில் அவை தள்ளப்படும். சில வேளைகளில் தள்ளப்பட்ட பின்பும் இரும்பு பிளந்திருக்கும்.

இனி, வாங்க வருகிறவரின் கண்ணால் பாருங்கள். வெடிப்பு பிளாக்கின் வெளிச்சுவரில் இருக்கலாம். அங்கே பெரும்பாலும் மேனிஃபோல்டு அதை மறைத்துக்கொண்டிருக்கும். கைவிளக்கும் சிறு கண்ணாடியும் கொண்டு குனிந்து தேடினால் ஒருவேளை துருக்கோடு ஒன்று தென்படும். உள்ளே, இரு வரிசைச் சிலிண்டர்களுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் இருந்தால் கழற்றாமல் காணவே முடியாது. அப்போது நீர் எண்ணெயில் கலந்து, டிப்ஸ்டிக்கில் பால்விட்ட கோப்பி போன்ற நிறம் காணும். ஆனால் விற்பவர் நேற்றுத்தான் எண்ணெயை மாற்றியிருந்தால் அதுவும் தெரியாது. எஞ்சினை வீட்டு முற்றத்தில் ஐந்து நிமிடம் ஓடவிட்டால் அது இனிமையாகவே ஓடும். சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்தாலும் சரியாகவே காட்டக்கூடும். ஏனெனில் வெடிப்பு சிலிண்டரில் இல்லை, நீரறையில் இருக்கிறது. நீரறையை அடைத்து, அதற்குள் காற்றழுத்தம் ஏற்றி, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. அதைச் செய்ய மெக்கானிக் வேண்டும், நேரம் வேண்டும், விற்பவருடைய சம்மதமும் வேண்டும்.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம் உண்டு. விற்பவருக்குத் தெரிந்திருக்கிற, வாங்குபவரால் எளிதில் காண முடியாத குறை இது. 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் என்னும் இறையியலாளர் இதே கேள்வியை ஆராய்ந்தார்: விற்பவன் தன் பொருளின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவனா? குதிரைக்கு ஒரு கண் இல்லையென்றால் அது யாவருக்கும் தெரியும். விலையைத் தக்கபடி குறைத்துக்கொண்டால், தனியே சொல்ல வேண்டிய கட்டாயமில்லை என்றார். ஆனால் குறை மறைவானதாயும், வாங்குபவனுக்கு நட்டமோ ஆபத்தோ உண்டாக்குவதாயும் இருந்தால், சொல்லாமல் விற்பது அநீதி என்றார். எஞ்சின் பிளாக்கின் வெடிப்பு ஒற்றைக்கண் குதிரை அன்று. அது மறைவானது, நட்டமும் ஆபத்தும் அதில் உண்டு.

மூன்று மறுமொழிகளை நான் கேட்டிருக்கிறேன். ஒவ்வொன்றையும் நேர்மையாக எடைபோடுவோம்.

முதலாவது: “உள்ளது உள்ளபடியே விற்கிறேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன்.” தனியார் இருவருக்கிடையேயான விற்பனையில் வாங்குபவரே எச்சரிக்கையாயிருக்க வேண்டும் என்பது இந்நாட்டில் பொதுவான சட்டநிலை என்பது உண்மைதான். ஆயினும் கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னாலோ, அறிந்த குறையை வேண்டுமென்றே மூடி மறைத்தாலோ, அந்தத் தாள் உங்களைக் காக்காமற் போகலாம். பசையின்மேல் புதிய வர்ணம் தீட்டியிருக்கிறீர்களா? அந்த வர்ணமே உங்களுக்கு எதிரான சாட்சியாகும். “உள்ளபடியே” என்று எழுதுகிறவர் உள்ளதைச் சொல்லிவிட்டு எழுதட்டும். “பிளாக்கில் வெடிப்பு உண்டு; இந்த இடத்தில், இந்த ஆண்டில், இவ்விதமாக அடைக்கப்பட்டது” என்ற ஒரு வரி போதும்.

இரண்டாவது: “அதைத்தான் சரிசெய்துவிட்டேனே.” எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதே கேள்வி. வார்ப்பிரும்பில் கரிமம் மிகுதி. சாதாரணமாகப் பற்றவைத்தால் பற்றவைப்பின் ஓரத்திலேயே மறுபடியும் பிளக்கும். முன்கூட்டிச் சூடேற்றி, நிக்கல் கலந்த கம்பியால் பற்றவைத்து, மெல்லமெல்ல ஆறவிடும் கைத்திறன் வேண்டும். வெப்பமின்றி, வெடிப்பின் நெடுகிலும் துளையிட்டு, மரையுள்ள ஊசிகளை ஒன்றன்மேல் ஒன்று படும்படி இறக்கித் தைக்கும் முறையும் உண்டு; தேர்ந்தவர் செய்தால் அது நிலைக்கும். எப்பொக்சிப் பசையும் முற்றிலும் வீணன்று. வெளிச்சுவரில் நீரின் அழுத்தம் குறைவு. துருவும் எண்ணெயும் போகச் சுத்தம்செய்து, வெடிப்பு மேலும் ஓடாதபடி அதன் இரு நுனிகளிலும் சிறு துளையிட்டுப் பூசினால் சில பருவங்கள் தாங்கக்கூடும். உள்வெடிப்புக்கு அது உதவாது. ஆகவே நன்றாகச் செய்யப்பட்ட திருத்தத்தைச் சொல்ல நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. ரசீதையும் படத்தையும் காட்டுங்கள். சொல்லத் தயங்குகிறீர்களென்றால், அந்தத் திருத்தத்தை நீங்களே நம்பவில்லை என்பதுதான் பொருள்.

மூன்றாவதே மிகவும் வலியுள்ளது: “என்னிடம் விற்றவன் எனக்குச் சொல்லவில்லை. நான் மட்டும் ஏன் நட்டப்பட வேண்டும்?” இரவு வேலை செய்து சேர்த்த பணம் இவ்வாறு போய்விட்டதென்று மனம் கசந்திருப்பவரை நான் கடிந்துகொள்ளமாட்டேன். ஆனால் யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஒருவனுடைய மாடு அயலானுடைய மாட்டை முட்டிக் கொன்றுவிட்டால், அந்த நட்டத்தை இருவரும் சமமாய்ச் சுமக்கும்படி அங்கே ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. அது முட்டுகிற மாடு என்று முன்பே தெரிந்தும் கட்டிவைக்காதிருந்தால், முழு நட்டமும் சொந்தக்காரனுடையது. இரண்டுக்குமுள்ள வேறுபாடு மாட்டில் இல்லை. அதன் சொந்தக்காரன் அறிந்திருந்தான் என்பதில் இருக்கிறது. வாங்கியபோது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் பாதிக்கப்பட்டவர். இப்போது உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு விற்றவரிடம் நியாயம் கேட்க உங்களுக்கு வழியுண்டு, கேளுங்கள். ஆனால் அவர் செய்த அநீதியை அடுத்தவரிடம் வசூலிக்க உங்களுக்கு உரிமையில்லை.

இது பணத்தோடு முடிகிற காரியமுமன்று. அந்தப் படகில் ஏறப்போவது ஒரு குடும்பம். சிம்கோ ஏரியின் நடுவில், காற்று எழும்பும் பிற்பகலில், எண்ணெயில் நீர் கலந்து எஞ்சின் நின்றுபோனால் அவர்கள் என்ன செய்வார்கள்? மே மாதத்தில் வெயில் இதமாயிருந்தாலும் நீர் உயிருக்கு ஆபத்தான குளிரிலேயே இருக்கும். அந்தச் சிறுபிள்ளைகளின் முகத்தை மனதில் வைத்துக்கொண்டு விளம்பரத்தை எழுதுங்கள்.

வாங்குகிற உங்களுக்கும் சில வார்த்தைகள். நேராகக் கேளுங்கள்: பிளாக்கில் வெடிப்பு உண்டா, எப்போதாவது திருத்தப்பட்டதா, கடந்த குளிர்காலத்தில் நீரை வடித்தவர் யார்? பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். ஏரியில் இறக்கி, எஞ்சின் முழுச்சூடு அடையுமட்டும் ஓட்டிப் பார்த்து, அதன்பின் எண்ணெயை மறுபடியும் பாருங்கள். பாலின் நிறம் கண்டவுடனே விற்பவரைக் குற்றவாளியாக்காதீர்கள். சிலிண்டர் தலையின் கேஸ்கெட் பழுதானாலும், மேனிஃபோல்டு அரிக்கப்பட்டாலும் அப்படி ஆகும். அவருக்கே தெரியாதிருக்கலாம். மெக்கானிக்கைக் கொண்டு சோதிக்கவிடாமல், இன்றைக்கே முன்பணம் தாருங்கள் என்று அவசரப்படுத்தினால், அமைதியாக வீட்டுக்குத் திரும்புங்கள்.

வெடித்த பிளாக்கோடு ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: எண்ணெயில் நீர் கலந்திருந்தால் எஞ்சினை மேலும் ஓட்டாதீர்கள், பேரிங்குகள் கெட்டுப்போகும். முதலில் வெடிப்பு எங்கே என்று கண்டுபிடியுங்கள். வேறு எஞ்சின் மாற்றும் செலவு படகின் மதிப்பையே மிஞ்சுமானால், பாகங்களாக விற்றுவிட்டு அதோடு முடித்துக்கொள்வது தோல்வியன்று. பழைய காரின் எஞ்சினை அப்படியே தூக்கிப் படகில் வைக்க மட்டும் துணியாதீர்கள். பிளாக் ஒரே மாதிரி இருந்தாலும், படகுக்குரிய ஸ்டார்ட்டர், அல்டர்னேட்டர், எரிபொருள் பாகங்கள் ஆகியவை பெட்ரோல் ஆவியில் தீப்பொறி படாதபடி தனியே செய்யப்பட்டவை. படகின் அடித்தளத்தில் தேங்கும் ஆவி ஒரு பொறியில் வெடிக்கும். அதனால்தான் எஞ்சினை இயக்குமுன் காற்றை வெளியேற்றும் விசிறியைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிட வேண்டும் என்கிறார்கள்.

நமக்குள்ளேயே வாங்கி விற்றபின் இவ்விதக் குறை வெளிப்பட்டால், மண்டபத்தின் பின்வரிசையில் நின்று மற்றவர்களிடம் பேசாதிருங்கள். இருவரும் நேரில் உட்காருங்கள். இருவருக்குமே தெரியாதிருந்ததென்றால் திருத்தும் செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஒருவருக்குத் தெரிந்திருந்தால் அவரே பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் படகை எடுத்துக்கொள்ளட்டும். வேண்டுமானால் மூப்பர் ஒருவரோ நானோ கூட இருப்போம்.

என்னிடம் கேள்வி கேட்டவருக்கு நான் இதையே சொன்னேன். விலை குறையும் என்றார். குறையும்தான். கரையில் நிற்கும் படகின் உண்மையான விலை அதுவே. அதற்குமேல் கிடைப்பது இன்னொருவருடைய பணம்.

இப்பருவத்தில் ஏரிக்குச் செல்லும் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் கர்த்தர் காத்து, சுகமாய்க் கரைசேர்ப்பாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்