அபராதத்தை யார் கட்டுவது?

யானைக்கவுனியிலிருந்து தம்பி ஒருவர் போன் செய்தார். வால்டாக்ஸ் சாலைப் பக்கம் வீடு, அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு. "அக்கா, ஸ்காலர்ஷிப் லிஸ்ட்டை கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டாங்க. என் பேரு, சாதி, அப்பா வருமானம், பேங்க் அக்கவுண்ட் நம்பர், எல்லாம் இருக்கு." வாங்கிப் பார்த்தேன். ஒரு எக்செல் கோப்பு, 43 பேர். "விவரத்தைச் சரிபார்த்துச் சொல்லவும்" என்று மேலே ஒரு வரி. நீக்கச் சொல்லிக் கேட்கப் போனவருக்கு அலுவலகத்தில் கிடைத்த பதில்: "சாதிச் சான்றிதழ்ல இருக்கறதுதானே, இதுல மறைக்க என்ன இருக்கு?"

மறைக்க ஒன்றுமில்லை. நான் என் சாதியை மேடையில் சொல்வேன், இங்கேயும் எழுதுவேன். ஆனால் எப்போது, யாரிடம், எதற்காகச் சொல்வது என்பது என் முடிவு. ஊர் பேர் கேட்டே சாதியைக் கண்டுபிடித்து வீடு இல்லை என்று சொல்லும் நகரத்தில், அந்த முடிவை ஒரு கிளார்க் எக்செல் கோப்பில் எடுத்துவிட முடியாது.

இப்படிக் கசியவிட்டால் அபராதம் உண்டு என்று இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. அபராதப் பிரிவுகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவில் வைத்த வெட்டு மட்டும் அந்த நவம்பரிலேயே அமலுக்கு வந்துவிட்டது. பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலையும் தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்த வாசகம் போய்விட்டது. நாம் அரசைக் கேள்வி கேட்பதற்கான தடைக்கு அவசரம், அரசு நமக்குப் பதில் சொல்வதற்கு அவகாசம்!

அபராதம் விதிக்கப்பட்டால் ஓர் அரசுத் துறை, ஒரு மாநகராட்சி, ஒரு வாரியம் என்ன செய்ய வேண்டும்? அவர்கள் சொல்லப்போகும் பதில் எனக்கு இப்போதே காதில் விழுகிறது: "இது மக்கள் பணம். நாங்கள் அபராதம் கட்டினால் உங்கள் திட்டத்துக்குத்தான் நிதி குறையும்."

பிரிட்டனில் இதைக் கொள்கையாகவே ஆக்கிவிட்டார்கள். அங்குள்ள தகவல் ஆணையர் 2022 ஜூனில், பொது அமைப்புகளுக்கு அபராதத்தைக் குறைத்து, கண்டிப்பதையே அதிகம் நம்பப்போவதாக அறிவித்தார். 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து காவல்துறை, தகவல் கேட்ட ஒருவருக்கு அனுப்பிய எக்செல் கோப்பில் மறைந்திருந்த ஒரு தாளை நீக்க மறந்தது. 9,483 ஊழியர்களின் விவரம் இணையத்துக்குப் போனது. காவல்துறையில் இருப்பதை அக்கம்பக்கத்தில்கூடச் சொல்ல முடியாமல் வாழ்கிறவர்கள் உள்ள ஊர் அது. 56 லட்சம் பவுண்டு என்று வந்திருக்க வேண்டிய அபராதம், பொது அமைப்பு என்பதால் 7.5 லட்சம் பவுண்டாகக் குறைந்தது.

அந்த வாதத்தில் பாதி உண்மை என்பதை ஒப்புக்கொள்கிறேன். துணைத்திட்ட நிதி எங்கெங்கோ திருப்பிவிடப்படுவதைப் பார்த்தே பழகிய நமக்கு, அபராதம் எந்தத் தலைப்பிலிருந்து கழியும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். விடுதிச் சாப்பாட்டில் கழியும். போதாததற்கு, இந்தச் சட்டத்தின் 34ஆவது பிரிவுப்படி அபராதப் பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். சென்னையின் தவறுக்குச் சென்னைக்காரர் பணம் டெல்லிக்குப் போகும். பெயர் கசிந்த 43 பேருக்கு ஒரு ரூபாய் வராது, ஏனென்றால் இந்தச் சட்டத்தில் இழப்பீடு என்பதே கிடையாது. நிறுவனங்களிடம் இழப்பீடு கேட்க வழிவைத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இதே சட்டம் நீக்குகிறது. பொய்ப் புகார், அற்பப் புகார் என்று தீர்மானித்தால் புகார் கொடுத்தவருக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் போடலாம் என்ற பிரிவை மட்டும் எழுத மறக்கவில்லை.

அதற்காக, அபராதமே வேண்டாம் என்ற முடிவுக்குப் போக முடியாது. யார் பையிலிருந்து கட்டுவது என்பதுதான் கேள்வி. இதற்கான விடையைத் தேடி லண்டன் போக வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 20ஆவது பிரிவு: தகவல் தராமல் இழுத்தடித்த பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000. அது அவர் சொந்தப் பணம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 4ஆவது பிரிவு: கடமையை வேண்டுமென்றே செய்யாத, பட்டியல் சாதி, பழங்குடியைச் சேராத அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. பொறுப்பைத் துறையின் பெயர்ப்பலகையில் மாட்டாமல் ஆளின் கழுத்தில் மாட்டத் தெரிந்த சட்டங்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. தரவு என்று வந்ததும் அந்த அறிவு எங்கே போனது?

அமைப்பு மட்டும் பணம் கட்டினால் என்ன ஆகும் என்பதை நாம் மலக்குழிகளில் பார்த்திருக்கிறோம். சாக்கடை மரணத்துக்கு இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தி 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்லது, வேண்டும். ஆனால் இறக்கிவிட்டதற்காகச் சம்பளத்தை இழந்த பொறியாளர் எத்தனை பேரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்? மரணம் ஒரு செலவுக் கணக்காக மாறிவிட்டது.

எனவே அபராத நோட்டீஸ் வந்ததும் ஓர் அரசு அமைப்பு முதலில் வக்கீலைத் தேடிப் போகக் கூடாது. மேல்முறையீட்டுக்குச் செலவாகும் பணமும் நம்முடையதுதான். பாதிக்கப்பட்டவரிடம் போக வேண்டும், தமிழில், தாளில், ரேஷன் கடை வாசலிலும் விடுதி அறிவிப்புப் பலகையிலும். 2021இல் தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் விவரம், ஆதார் எண்ணோடு, ஹேக்கர்கள் தளத்தில் இருப்பதாகப் பெங்களூரு நிறுவனமொன்று சொன்னது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கும் கடிதம் வரவில்லை. 2023இல் கோவின் விவரங்கள் டெலிகிராமில் கிடைத்தபோது ஒன்றிய சுகாதார அமைச்சகத்தின் முதல் பதில், செய்தி ஆதாரமற்றது என்பதுதான். மறுப்பு அறிக்கை தயாரிக்கும் வேகத்தில் பாதி இருந்தால் போதும், எல்லா ரேஷன் கடையிலும் நோட்டீஸ் ஒட்டியிருக்கலாம்.

அடுத்து, கட்டிய தொகை நலத்திட்டத் தலைப்பிலிருந்து எடுக்கப்படவில்லை என்று எழுத்தில் சொல்ல வேண்டும். கோப்பை யார் உருவாக்கினார், யார் அனுமதித்தார் என்று விசாரித்து, பொறுப்பான அதிகாரியிடமிருந்து வசூலிக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: இந்த விசாரணை தினக்கூலிக்கு டைப் அடிக்கும் ஒப்பந்த ஊழியரோடு முடிந்துவிடக் கூடாது. அவரும் பெரும்பாலும் நம் தெருக்காரர்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சேகரிப்பதைக் குறைக்க வேண்டும். இல்லாத கோப்பு கசியாது. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள் வெளியாட்கள் புகுந்தார்கள். ராத்திரி டீக்கடையில் நிற்கும் நம் பையன்களை நிறுத்தி எடுக்கிற படங்கள் எங்கே சேர்கின்றன, எத்தனை ஆண்டு கிடக்கின்றன என்று அதற்குப் பிறகாவது சொல்ல வேண்டாமா? யானைக்கவுனி அடங்கிய ராயபுரம் மண்டலத்தின் துப்புரவுப் பணி தனியாருக்குப் போனதை எதிர்த்து 2025 ஆகஸ்டில் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தார்கள். வேலை கைமாறும்போது அவர்களது ஆதாரும் வங்கிக் கணக்கும் யார் கைக்குப் போகின்றன என்று கேட்டு ஒரு மனு போடலாம். சட்டத்தை வெட்டியிருக்கிறார்கள், ஆனாலும் ஒருவரது தனிப்பட்ட விவரத்தைக் கேட்காமல் துறையின் நடைமுறையைக் கேட்டால் அந்த வெட்டு பொருந்தாது. மாணவர்கள் இதைச் செய்யலாம், 10 ரூபாய்தான் கட்டணம்.

அந்தத் தம்பி கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் புகார் கொடுத்துவிட்டார். கோப்பு எத்தனை பேருக்குப் போனது, யார் அனுப்பச் சொன்னார்கள், 43 பேருக்கும் எப்போது கடிதம் வரும் என்று மூன்று கேள்விகள். இதுவரை 11 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு ஸ்காலர்ஷிப் நின்றுவிடுமோ என்று பயம். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீடுகளுக்குப் போய்ப் பேசப்போகிறோம்.