தெருவுக்கு எவ்வளவு?

அரியலூர் மண்ணை அள்ளிப் பார்த்திருக்கிறீர்களா? அள்ளினால் கையில் ஒட்டுவது வெறும் மண்ணன்று, ஒரு கடல்! ஏழெட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன், மனிதன் என்னும் பிறவியே தோன்றாத காலத்தில், அங்கே அலை புரண்டது. அதில் வாழ்ந்து மடிந்த சிப்பியும் சிற்றுயிரும் அடுக்கடுக்காய்ப் படிந்து, அழுந்தி, இறுகிச் சுண்ணாம்புக் கல்லாயின. பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில், கல்லாகிப்போன மரமொன்று 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. 1862இலேயே பிளான்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயர் இப்பாறைகளை ஆராய்ந்து எழுத, அரியலூரின் பெயர் உலக நிலவியல் ஏடுகளில் ஏறிவிட்டது.

அந்தக் கடலைத்தான் இன்று லாரியில் ஏற்றுகிறார்கள்!

ஏற்றட்டும், குறை கூறவில்லை. ஆசியா எழுகின்ற காலம் இது. உலகத்து நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆசியக் கண்டத்தில் வாழ்கின்றனர். அவர்களுக்கு வீடு வேண்டும், பாலம் வேண்டும், பள்ளி வேண்டும், மருத்துவமனை வேண்டும். அத்தனைக்கும் எலும்பு சிமெண்டு. சூளையிலிருந்து வெளிவரும் ஒரு டன் கிளிங்கருக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் சுண்ணாம்புக் கல் இரையாகவேண்டும். நகரங்கள் நலமுடன் வாழவேண்டும், நாளைய தலைமுறைக்கும் மிச்சம் வைத்து வாழவேண்டும் என்று ஐக்கிய நாடுகள் மன்றம் 2015இல் 17 குறிக்கோள்களை வகுத்தபோது, 11ஆவதை நகரங்களுக்கென்றே ஒதுக்கியது. நல்ல நோக்கம், நாமும் கைதட்டுவோம். ஆனால் நகரத்துக்கு எலும்பு தந்த ஊர்? நாடெல்லாம் மாடி எழக் கல் தந்துவிட்டு, தன் தெருவில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கும் ஊர்? அதற்கு எத்தனையாவது குறிக்கோள்?

இந்தக் கேள்வி என் மூளையில் உதித்ததன்று. ஒரு தாய் எழுப்பியது. நாடகம் எழுதுகிறவன் நான். ஆகவே காட்சியாகவே தருகிறேன்.

களம்: அரியலூரில் லாரிகள் போகும் சாலையோரம் ஒரு தேநீர்க் கடை. நேரம்: பொதுக்கூட்டம் முடிந்த இரவு. கடைக்காரத் தாய்க்கு வயது அறுபதிருக்கும். வடைத் தட்டின்மேல் ஈரத் துணி போர்த்துகிறார். லாரியொன்று போகிறது, துணி வெளுக்கிறது. அதை உதறி, மறுபடி நனைத்துப் போர்த்துகிறார். அடுத்த லாரி வருகிறது.

"மேடையிலே பேசினது நீங்கதானே, தம்பி?"

"ஆமாம் அம்மா."

"டன்னுக்கு நூத்தி அறுபது ரூபா வரி போடுற உரிமை நமக்கு வந்துடுச்சுன்னு சொன்னீங்களே, எல்லாரும் கைதட்டினாங்களே..."

"ஆமாம் அம்மா, பெரிய வெற்றி!"

"சந்தோஷம். அதுல இந்தத் தெருவுக்கு எவ்வளவு?"

திரை!

ஒன்றரை மணி நேரம் முழங்கியவன் நான். அந்தத் தாயின் முன் நா எழவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன். வந்தவன் உறங்கவில்லை.

மேடையில் நான் முழங்கியது பொய்யன்று. 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்கீழ், பின்னர் வந்த திருத்தத்தின் துணையோடு, நம் மாநிலம் கனிமங்களுக்கான உரிமைத் தொகையின் மீதும் உள்ளூர் மேல்வரி வாங்கிற்று. இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் வழக்காடிற்று. 1989இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அந்த மேல்வரி செல்லாதென்றனர். உரிமைத் தொகையே ஒருவகை வரி, அதன்மேல் மாநிலம் வரி போடலாகாது என்பது அவர்கள் தீர்ப்பு. நம் நிலம், நம் கல், நம் காற்று. வரி போட மட்டும் நமக்குக் கையில்லை! முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2024 சூலை 25ஆம் நாள், ஒன்பது நீதிபதிகளில் எண்மர் ஒருமித்து அதை மாற்றினர். உரிமைத் தொகை வரியன்று. கனிம உரிமைக்கும் கனிமம் தாங்கிய நிலத்துக்கும் வரி விதிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்றனர். அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 49, 50 ஆகிய எண்களில் உறங்கிக் கிடந்த உரிமை கண் விழித்தது. தமிழகச் சட்டமன்றம் அதே ஆண்டில் கனிமம் தாங்கிய நிலத்துக்கான வரிச் சட்டத்தை நிறைவேற்றிற்று. 2025 ஏப்ரல் 4 முதல் சுண்ணாம்புக் கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் என்றாயிற்று.

வெற்றிதான். ஆனால் தோழர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். 1989இல் பறிபோனது யாருடைய வரி? ஊராட்சிச் சட்டத்தின்கீழ் விதித்த வரி! உள்ளூரின் பெயரால் வாங்கிய வரி! 2024இல் மீண்டதோ, கோட்டையின் உரிமையாய் மீண்டது. மாநிலக் கருவூலத்தின் வருவாயாய் வந்தது. தொலைத்தவன் ஒருவன், கண்டெடுத்தவன் மற்றொருவன் என்றால், பொருள் யாரிடம் சேரவேண்டும்?

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான், கணக்கில் புலியல்லேன். ஆயினும் இந்தக் கணக்கு எனக்கே வருகிறது. இருபது டன் ஏற்றிய லாரியொன்று அந்தக் கடையைத் தாண்டினால், கருவூலத்துக்கு 3,200 ரூபாய். அந்தத் தாய்க்கு ஒரு பிடி புழுதி.

மாவட்டக் கனிம அறக்கட்டளை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2015இல் திருத்தப்பட்ட நடுவண் சட்டத்தின்படி, பழைய குத்தகைதாரர் தம் உரிமைத் தொகையில் நூற்றுக்கு 30 பங்கு அதற்குத் தரவேண்டும். சுரங்கத்தால் தொல்லையுறும் மக்களின் குடிநீருக்கும் உடல்நலத்துக்கும் கல்விக்குமான பணம் அது. நன்று! அதில் எந்தத் தெருவுக்கு எவ்வளவு வந்ததென்று அந்தத் தாயிடம் கணக்குப் படித்தவர் யார்? பெரம்பலூரிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள், 2001இல். சேர்த்தார்கள், 2002இல். மீண்டும் பிரித்தார்கள், 2007இல். வரைபடத்தில் கோடு மூன்று முறை மாறிற்று. தெருவில் படியும் புழுதி?

ஆலையை மூடச் சொல்கிறாயா என்று முதலாளியின் நண்பர்கள் முணுமுணுப்பர். இல்லை! அந்த ஆலைகளில் நம் உழவன் மகன் வேலை பார்க்கிறான்; அவன் அடுப்பு எரியவேண்டும். ஆலையும் வாழலாம், ஊரும் வாழலாம். சான்று வேண்டுமா? ஜப்பானில் ஊபே என்றோர் ஊர். நிலக்கரியும் சிமெண்டும் வளர்த்த ஊர். போர் முடிந்த ஆண்டுகளில் அங்கே கரியும் தூசும் மழையாய்ப் பொழிந்தன. நகரமன்றம், ஆலையார், பல்கலைக்கழக அறிஞர், பொதுமக்கள் ஆகிய நால்வரும் 1951இல் ஒரே குழுவாய் உட்கார்ந்தனர். வானத்திலிருந்து விழும் தூசை அளந்தனர். அளவை மறைக்காமல் ஊரறியச் சொன்னார்கள். வெட்கம் வேலை செய்தது. ஆலைகள் தூசு பிடிக்கும் கருவி பூட்டின. சுண்ணாம்புக் கல் சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் இடையே, ஏறத்தாழ 32 கிலோமீட்டருக்கு, ஆலை நிறுவனம் தனக்கென்றே தனிச்சாலை போட்டது. அதன் பெருவண்டிகள் ஊர்த் தெருவுக்குள் நுழைய வேண்டியதில்லை. 1997இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு ஊபேக்கு விருது தந்தது. ஆலையும் ஓடிற்று, ஊரும் மூச்சு விட்டது.

ஜப்பான்வரை போவானேன்? இதே அரியலூர் மாவட்டத்தில் இராசேந்திரன் கண்ட கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. ஏறத்தாழ 250 ஆண்டுகள் பேரரசின் தலைநகர். அவன் கோயிலோடு நின்றானா? சோழகங்கம் என்னும் மாபெரும் ஏரியை வெட்டினான். வெற்றித் தூணைக் கல்லில் நாட்டாது தண்ணீரில் நாட்டினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைப் போற்றுகிறது. நகரம் என்றால் நீர் என்று அறிந்திருந்தான் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய தமிழன்! பின்னர் வெள்ளையன் வந்தான். 1836இல் கொள்ளிடத்துக் கீழணைக்காக அக்கோயிலின் மதிற்கல்லைப் பெயர்த்துச் சென்றான். அரியலூரின் கல்லை எடுத்து அயலூரில் கட்டுவது அன்றே தொடங்கிற்று.

அந்தக் கதை இனியும் தொடரலாமா?

ஆகவே மூன்று கேட்போம். ஒன்று: டன்னுக்கு 160 ரூபாயில் ஒரு பங்கு, கல் வெட்டிய ஊராட்சிக்கும் லாரி ஓடிய நகராட்சிக்கும் உரியதெனச் சட்டத்திலேயே எழுதப்படட்டும். சலுகையாய் அன்று, உரிமையாய்! இரண்டு: கல் லாரிக்குத் தனிச்சாலை, அதுவரை, பள்ளி தொடங்கும் வேளையிலும் முடியும் வேளையிலும் ஊருக்குள் லாரி நுழையலாகாது. மூன்று: வெட்டி முடித்த பள்ளத்துக்கு வேலி, கரை, மரம், நீர் தேங்கும் பள்ளம் ஏரியாகட்டும். பெரம்பலூர்க் கல்குவாரிக்கும் இதே நீதி.

மாநில அரசுக்குப் பணம் வேண்டாமா எனலாம். வேண்டும்; முழுவதையும் கேட்கவில்லை, பங்குதான் கேட்கிறோம். டில்லியிடம் நாம் கேட்பதும் அதுதானே? நம் மண்ணின் வருவாயில் நமக்குரிய பங்கைத் தா என்று டில்லியின் வாயிலில் நின்று முழங்குகிறோம். அதே முழக்கத்தை அரியலூர்த் தெரு சென்னையின் வாயிலில் நின்று எழுப்பினால், காதைப் பொத்திக்கொள்வோமா? டில்லிக்கு ஒரு நீதி, கோட்டைக்கு ஒரு நீதி என்றால், நம் சுயாட்சி முழக்கத்தை எவன் நம்புவான்? அதிகாரம் டில்லியிலிருந்து சென்னைக்கு வருவது பாதி வழி. சென்னையிலிருந்து தெருவுக்கு வருவதே மீதி வழி.

அந்த மீதி வழியை நடக்கவேண்டியவர்கள் நாம். அடுத்த ஊர்ச்சபைக் கூட்டத்துக்குப் போங்கள். கனிம அறக்கட்டளைக் கணக்கைக் கேளுங்கள். நம்மவர் நாற்காலியில் இருந்தாலும் கேளுங்கள். அப்போதுதான் மேலும் உரக்கக் கேட்கவேண்டும். கேட்டதைத் தீர்மானமாய் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புங்கள்.

நான் மீண்டும் அரியலூர் போவேன். மேடைக்குப் போகுமுன் அந்தக் கடைக்குப் போவேன். அந்தத் தாய் மறந்திருக்க மாட்டார். அவர் கேட்குமுன் நானே தொகையைச் சொல்லவேண்டும், தோழர்களே! அதுவரை எனக்குக் கைதட்டாதீர்கள்.