சத்திரமாகிப் போன நகரம்

பதுவையில் கோடி அற்புதர் புனித அந்தோனியாரின் திருத்தலத்தைத் தரிசித்துத் திரும்பிய அன்பர் ஒருவர், தம் திருப்பயண அனுபவத்தைப் பங்கு மக்களிடம் பகிர்ந்துகொண்டார். பதுவைக்கு நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள வெனிசு நகரையும் அரை நாளில் பார்த்துவிட்டு வந்தாராம். "அந்த ஊர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்! உலகமே போய்ப் பணத்தைக் கொட்டுகிறது, அவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே பிழைக்கிறார்கள்" என்று பேச்சை முடித்தார். கூடியிருந்தோர் தலையசைத்தனர். "எந்த ஊர்க்காரர்கள்?" என்று யாரேனும் கேட்டிருக்கலாம். ஒருவரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. அன்று கேளாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

கடற்கழியின் நடுவே சிறுசிறு தீவுகளின்மேல் எழுந்த நகரம் வெனிசு. நம் மயிலையிலுள்ள புனித தோமையாரின் கல்லறையைப் பற்றித் தம் பயண நூலில் குறித்துவைத்த மார்க்கோ போலோவின் ஊர். 1951-இல் இந்தப் பழைய நகரத்தில் ஏறத்தாழ 1,75,000 பேர் குடியிருந்தனர். 2022 ஆகஸ்டில் அத்தொகை 50,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. ரியால்டோ பாலத்துக்கு அருகே ஒரு மருந்துக் கடையின் கண்ணாடிச் சாளரத்தில், எஞ்சியிருப்போரின் எண்ணிக்கையைக் காட்டும் மின்பலகை ஒன்றை 2008-இல் வைத்தனர், நோயாளியின் கட்டிலில் காய்ச்சல் அட்டையைத் தொங்கவிடுவது போல. 2023-இல், பயணிகளுக்கென உள்ள படுக்கைகள் குடியிருப்போரின் தொகையையே மிஞ்சிவிட்டன என்று ஊர் மக்கள் அமைத்த கண்காணிப்புக் குழுவினர் கணக்கிட்டு அறிவித்தனர்.

இத்தனை பேரையும் சுற்றுலாதான் துரத்தியது என்று நான் சொல்ல வரவில்லை. அது நேர்மையாகாது. 1917-இல் எதிர்க்கரையில் மர்கேரா தொழில்துறைமுகம் தொடங்கப்பட்டது. அங்கே வேலை கிடைத்தது. பக்கத்திலுள்ள மெஸ்த்ரேயில் ஈரமில்லாத, குளியலறையுள்ள வீடுகள் கிடைத்தன. 1966 நவம்பர் 4-ஆம் நாள் கடல்நீர் 194 சென்டிமீட்டர் உயர்ந்து நகரை மூழ்கடித்தபின், தரைத்தளங்களில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் பல திரும்பவே இல்லை. ஆனால் எந்த ஊரிலும் மக்கள் வெளியேறுவதுண்டு. வேறு மக்கள் குடிவருவதும் உண்டு. வெனிசில் காலியான வீட்டுக்குள் குடிவந்தவர் யார்? அங்கேதான் சுற்றுலா நுழைகிறது.

கணக்கு மிக எளிது. ஒரு குடும்பம் மாதம் முழுவதற்கும் தரக்கூடிய வாடகையைப் பயணிகள் சில இரவுகளிலேயே தந்துவிடுகிறார்கள். வீட்டுக்காரரைக் கொடியவராக்க வேண்டியதில்லை. அவர் ஓய்வூதியம் போதாத ஒரு கைம்பெண்ணாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு தெருவில் பத்து வீடுகள் அப்படி மாறினால், ரொட்டிக்கடையில் நாள்தோறும் ரொட்டி வாங்குவோர் குறைவர். ரொட்டிக்கடை முகமூடி விற்கும் கடையாகும். பிள்ளைகள் இல்லாத தெருவுக்குப் பள்ளி எதற்கு? பள்ளி மூடியபின், எஞ்சிய ஓரிரு இளங்குடும்பங்களும் மூட்டை கட்டும். யாரும் யாரையும் விரட்டவில்லை. எல்லாம் சட்டப்படியே நடக்கிறது.

"வெனிசு என்றுமே வெளியூராரை நம்பி வாழ்ந்த ஊர்தானே?" என்று கேட்கலாம். உண்மைதான். திருநாட்டுக்குச் சென்ற இடைக்காலத் திருப்பயணிகள் அங்கிருந்துதான் கப்பலேறினர். ஆனால் அன்றைய வெனிசு அந்நியரை எப்படி வைத்திருந்தது என்பதைப் பாருங்கள். ரியால்டோவின் அருகில், பெருங்கால்வாயின் கரையில் செருமானிய வணிகர் சத்திரம் உள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோன்றி, 1505-இல் தீக்கிரையாகி, 1508-க்குள் மீண்டும் எழுந்த கட்டடம். அதன் வெளிச்சுவர்களில் ஜோர்ஜோனேயும் தித்சியானோவும் ஓவியம் தீட்டினர். செருமானிய வணிகர் அங்கேயே தங்கவேண்டும், அங்கேயே சரக்கை இறக்கவேண்டும் என்பது குடியரசின் கட்டளை. வரி வாங்கவும் கண்காணிக்கவுமே அந்த ஏற்பாடு, அன்பினால் அல்ல. ஆயினும் விருந்தாளிக்கு ஒரு சத்திரம், ஊராருக்கு ஊர் என்ற எல்லை அதில் இருந்தது.

அந்தச் சத்திரத்தின் பிற்காலக் கதை இன்னும் பொருள் பொதிந்தது. இருபதாம் நூற்றாண்டில் அது நகரின் தலைமை அஞ்சலகம். முதியவர் ஓய்வூதியம் வாங்கவும், தாய் மகனுக்குக் கடிதம் போடவும் வந்துபோன இடம். 2008-இல் அது தனியாருக்கு விற்கப்பட்டது. புகழ்பெற்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு புதுப்பித்து, 2016-இல் ஆடம்பரப் பொருள் அங்காடியாகத் திறந்தனர். 'புத்துயிர்ப்பு' என்றார்கள். வெனிசுக்காரர் எத்தனை பேருக்கு அங்கே வாங்கத்தக்க பொருள் இருந்தது? போகட்டும், பயணிகளாவது வாங்கினார்களா? போதிய வணிகமில்லாமல் 2025-இல் அந்த அங்காடியும் மூடப்பட்டது. ஒன்பதே ஆண்டுகள்! அஞ்சலகமும் போயிற்று, அதை விரட்டிய வணிகமும் போயிற்று. இதற்கு வளர்ச்சி என்று பெயரிடும் பொருளியலார் தம் அகராதியைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்பது நல்லது.

"வேலைவாய்ப்பு?" என்பது அடுத்த கேள்வி. நம் கடற்கரைகளில் விடுதி எழும்போதெல்லாம் கேட்கும் வாதம்தான். வேலை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் படுக்கை விரிப்பவர்களிலும் பாத்திரம் கழுவுபவர்களிலும் பெரும்பாலோர் காலையில் பாலத்தைக் கடந்து எதிர்க்கரையிலிருந்து வருகிறார்கள். இரவில் திரும்பிப் போகிறார்கள். உழைக்க இடமுண்டு, உறங்க இடமில்லை. 2020-இல் கொள்ளைநோய் பயணிகளை நிறுத்தியபோது, அந்த ஒரே தொழிலை நம்பிய நகரம் ஓய்ந்து கிடந்ததையும் உலகம் பார்த்தது.

ஆட்சியாளர்கள் ஒன்றும் செய்யவில்லையா? செய்தார்கள். பல நூறு கோடி யூரோ செலவில் கடலைத் தடுக்கும் கதவுகளை அமைத்து, 2020 அக்டோபர் 3-ஆம் நாள் உயர்நீருக்கு எதிராக முதன்முறையாக உயர்த்தினார்கள். 2021-இல் பெருங்கப்பல்கள் நகரின் நடுவே செல்வதைத் தடுத்தார்கள். இவை நல்லவையே. 2022-இல் இத்தாலிய நாடாளுமன்றம், வீடுகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதற்கு வரம்பு விதிக்கும் தனி அதிகாரத்தை வெனிசு நகராட்சிக்கு வழங்கியது. நோயின் வேரில் வைக்கத்தக்க கோடரி அது. நகராட்சி 2024-இல் கொண்டுவந்ததோ நுழைவுக் கட்டணம்! இரவு தங்காமல் வந்துபோகிறவர் குறிப்பிட்ட 29 நாள்களில் ஐந்து யூரோ செலுத்தவேண்டும். நற்செய்தியாளர் புனித மாற்குவின் திருநாளாகிய ஏப்ரல் 25-ஆம் நாளிலேயே அது தொடங்கியது. மறு ஆண்டு 54 நாள்களாயிற்று. கடைசி நேரத்தில் பதிவோருக்குப் பத்து யூரோ. கூட்டம் குறையவில்லை, கருவூலத்துக்குப் பணம் வந்தது. வாயிலில் சீட்டு வாங்கி நுழையும் இடத்துக்கு நம் மொழியில் காட்சிசாலை என்றல்லவா பெயர்?

கட்டணம் தொடங்கிய நான்காம் நாள், ஏப்ரல் 28 அன்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் வெனிசுக்குச் சென்றார். அவர் முதலில் சென்றது ஜூதேக்கா தீவிலுள்ள பெண்கள் சிறைக்கு. பின்னர் புனித மாற்கு சதுக்கத்தில் ஆற்றிய மறையுரையில், சுற்றுலாவை முறையாக நெறிப்படுத்தி மனிதர் வாழத்தக்க சூழலை அமைப்பதன் அருமையையும் குறிப்பிட்டார்.

நம் வீட்டுக் குறையையும் சொல்லிவிட வேண்டும். வெனிசின் துறவு இல்லங்கள் சிலவும் இன்று பயணியர் விடுதிகளாகிவிட்டன. சான் கிளமெந்தே தீவில் ஒருகாலத்தில் கமால்தோலி துறவியர் செபித்தனர். பின்பு அது மனநோயர் காப்பகமானது. இன்று ஆடம்பர விடுதி.

ஆகவே அடுத்த திருப்பயண அறிவிப்பில் "வெனிசு – அரை நாள்" என்ற வரியைக் காணும்போது, அமைப்பாளரிடம் சில கேள்விகள் கேளுங்கள். அங்கே எந்தப் பங்கில் திருப்பலி காண்போம்? அந்தப் பங்கில் இன்னும் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன? அவர்களுள் ஒருவரையேனும் சந்திப்போமா? தெரியாது என்பாராயின், அந்த அரை நாளையும் பதுவையிலேயே செபத்தில் கழித்துவிட்டு வரலாம். அந்தோனியார் கோபிக்க மாட்டார்.